ஓடியும் ஊர்சேராப் பொறி!

அண்மையில், நகரில் வாழும் அன்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். நல்ல தமிழ்ப்பற்றாளர், தம் மக்கட்கெல்லாம் தூய தமிழ்ப்பெயரே இட்டவர். அவர் வீட்டுக் கூடத்தின் நடுவே ஓடுபொறி ஒன்று நின்றது. ஆங்கிலத்தில் 'திரெட்மில்' என்பர். விலை ஓரிலக்கம் உருபாவுக்குச் சற்றுக் குறைவென்றார். அதன் கைப்பிடிகள் இரண்டிலும் ஈரத்துணிகள் உலர்ந்துகொண்டிருந்தன. பேசிக்கொண்டிருக்கையில், கறிவேப்பிலை வேண்டுமென்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. கடை தெருமுனையிலேயே இருந்தது. அன்பரோ விசையுந்தை உதைத்துக்கொண்டு கிளம்பினார். அவர் திரும்பி வருமுன், அவ்வீட்டில் வேலைசெய்யும் அறுபது அகவை அம்மையார், அந்தப் பொறியைத் தோள்கொடுத்து நகர்த்தி, அதனடியிற் பெருக்கித் துடைத்து, மீண்டும் பழைய இடத்திலேயே தள்ளி வைத்துவிட்டார். அன்று எம் கண்முன் உடலை வருத்தியவர் அவ்வம்மையார் ஒருவரே!

இதனை நகைப்பிற்காக எழுதவில்லை. அவ்வன்பர் இதைப் படிப்பார். படித்துச் சினவாமல் எண்ணிப்பார்ப்பார் என்னும் நம்பிக்கையாலேயே எழுதுகின்றோம். கையுழைப்பை இழிவென்று ஒதுக்கிவிட்டு, அவ்வுழைப்பால் வரும் உடல்நலத்தை மட்டும் கடையில் விலைகொடுத்து வாங்கிவிடலாமெனக் கருதும் ஒரு மயக்கம் நம்மவரிடை பரவி வருகின்றது. அம்மயக்கத்தின் வேரைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொறி பிறந்த கதையை முதலில் அறிதல் வேண்டும். 1818ஆம் ஆண்டில் வில்லியம் கியூபிட்டு என்னும் ஆங்கிலப் பொறிஞர், சிறையாளர்க்கென ஒரு மிதியுருளையை வகுத்தார். பெரிய உருளை, அதன் மேற்புறமெங்கும் படிகள். சிறையாளர் வரிசையாக நின்று அப்படிகளை மிதித்தவாறே ஏறவேண்டும். ஏறுவர், ஏறுவர், ஏறிக்கொண்டே இருப்பர், ஆனால் நின்ற இடத்திலேயே நிற்பர். 1821இல் இலண்டனின் பிரிக்சுடன் சிறையில் அது நிறுவப்பெற்றது. ஆங்கில எழுத்தாளர் ஆசுக்கர் வைல்டும் 1895இல் சிறைப்பட்டபோது இவ்வொறுப்பிற்கு ஆளானவரே. மாந்தத்தன்மையற்றதெனக் கண்டனம் மிகுந்தபின், 1898ஆம் ஆண்டுச் சிறைச்சட்டத்தால் பிரித்தானியா அதனை விலக்கியது.

ஒன்றை ஊன்றி நோக்குக! பிரிக்சுடன் சிறையுருளையால் கூலமாவது அரைபட்டது. வேறு சில சிறைகளில் உருளைகள் எதனையும் அரைக்காமல் வெறுமனே சுழன்றன. பயனில்லாத உழைப்பே மாந்தனுக்குப் பெருங்கொடுமை என்பதை ஒறுத்தவரும் அறிந்திருந்தனர், ஒறுக்கப்பட்டவரும் அறிந்திருந்தனர். இற்றைச் செல்வரோ, அதே பயனில்லா மிதியை விலைகொடுத்து வாங்கிக் கூடத்தில் நிறுத்துகின்றனர். மாவும் அரைபடுவதில்லை; நீரும் ஏறுவதில்லை; மின்கட்டணந்தான் ஏறுகின்றது!

பயிற்சிப் பொறிக்கு இன்னொரு பிறப்பிடமும் உண்டு. குசுதாவ் சாண்டர் என்னும் சுவீடன் நாட்டு மருத்துவர், 1865இல் சுடாக்கோம் நகரில் ஒரு நிலையம் அமைத்துத் தாம் வகுத்த பொறிகளைக் கொண்டு நோயாளரின் கைகால்களை இயக்கி நலப்படுத்தினார். ஆக, இப்பொறிகள் பிறந்த இடங்கள் இரண்டு: ஒன்று சிறை, மற்றொன்று மருத்துவமனை. நம் இல்லம் இவ்விரண்டும் அன்று என்பதை நினைவிற் கொள்க.

இனி, அன்றாட வேலை உண்மையில் உடலைக் காக்குமா என்னும் வினாவிற்கு வருவோம். இதற்கு அறிவியலார் நேரடியாக விடை கண்டுள்ளனர். செரமி மாரிசு என்னும் ஆங்கில மருத்துவ ஆராய்ச்சியாளர் 1953இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. இலண்டன் நகர ஈரடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள்முழுதும் அமர்ந்திருந்தார். நடத்துநர் நாள்முழுதும் படியேறி இறங்கினார். பேருந்து ஒன்றே, பணிநேரமும் ஒன்றே. ஆயினும் நடத்துநரை விட ஓட்டுநர்க்கே நெஞ்சாங்குலை நோய் மிகுதியாக வந்தது. பணியிற் சேரும்போதே ஓட்டுநர்க்கு இடை பெருத்திருந்தது என்பதையும் சீருடை அளவுகளைக் கொண்டு மாரிசே பின்னர் எடுத்துக்காட்டினார். ஆயின் அஞ்சல் சுமந்து நடந்தோரையும், அதே துறையில் அமர்ந்து எழுதினோரையும் ஒப்பிட்ட போதும் நடந்தவர்க்கே நலம் மிகுந்திருந்தது. அந் நடத்துநர் எந்தப் பொறியின்மேலும் ஓடினாரல்லர். பயணச்சீட்டுக் கொடுத்தார், அவ்வளவே!

உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதனையே வலியுறுத்துகின்றது. அகவை முதிர்ந்தோர் கிழமைக்கு 150 முதல் 300 மணித்துளி வரை நடுத்தர விரைவில் உடலை இயக்குதல் வேண்டும். இருநாளேனும் தசைக்கு வலுவூட்டும் வேலை வேண்டும் என்பது அதன் நெறி. தொடர்ந்தாற்போல் பத்து மணித்துளியேனும் இயங்கினால்தான் கணக்கில் சேரும் என்றிருந்த பழைய வரையறையை அது கைவிட்டுவிட்டது. வீட்டுவேலை, நடை, தொழில் எல்லாமே கணக்கிற் சேர்வனவே.

கிழமைக்கு 150 மணித்துளி என்பது நாளொன்றுக்கு இருபத்திரண்டு மணித்துளி அளவே. காலையில் வீடும் வாயிலும் விரைந்து பெருக்குக. குந்தியமர்ந்து தரையைத் துடைக்க. கடைக்கு நடந்து சென்று இரு பைகளிலும் காய்கறி சுமந்து வருக. மின்தூக்கியை விட்டுப் படியேறுக. துணியை அடித்துத் துவைத்துப் பிழிந்து உலர்த்துக. கணக்கு நிரம்பி வழியும். ஒன்றுமட்டும் மறவற்க: ஆடி அசைந்து செய்யும் வேலை போதாது. மூச்சுச் சற்றே மிகவேண்டும், மெய் வியர்க்கவேண்டும், அப்பொழுதே அது பயிற்சியாகும்.

இது வீண்கவலையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவுற்றோர் பத்துக்கோடிக்கு மேலென்று கணித்தது. புதுச்சேரியில் அகவை முதிர்ந்தோருள் நால்வர்க்கொருவர் நீரிழிவுற்றிருக்கின்றனர். உண்ணும் உணவும் இதற்குக் கரணியமே. எனினும் உட்கார்ந்தே கழியும் வாழ்க்கையின் பங்கும் சிறிதன்று.

அங்ஙனமாயின், கண்முன் கிடக்கும் வேலையை விட்டுவிட்டு மாந்தன் பொறியை நாடுவது ஏன்? சோம்பலால் அன்று, ஓடுபொறியில் ஓடுவதும் வருத்தந்தானே! நாணத்தினால் நாடுகின்றான். பொறியின்மேல் ஓடுபவன் செல்வன். துடைப்பம் பிடிப்பவன் ஏவலன். பிறர் அவ்வாறு எண்ணுவரோ என்று அஞ்சுகின்றான். அவ்வச்சத்திற்கு வேர், கையுழைப்பையும் பிறப்பையும் முடிச்சிட்டு மேல்கீழ் வகுத்த குலமுறையே. இரும்பு முகங்கொண்ட கலப்பை நிலத்தையும் அதிலுள்ள உயிர்களையும் ஊறுபடுத்துவதால் உழவு சான்றோரால் பழிக்கப்பட்டதென மனுநூலின் பத்தாம் இயல் கூறுகின்றது. திருவள்ளுவரோ உழவுக்கெனவே ஓர் அதிகாரம் வகுத்து, உழவரைப் பிறர் எல்லார்க்கும் முன்வைத்தார். இவ்விரண்டனுள் நாம் எதன்வழி நிற்கின்றோம்? வாயால் வள்ளுவர் வழியென்கின்றோம். வாழ்வால் மனுவின் வழியே நடக்கின்றோம். பழியை ஆரியத்தின்மேற் சுமத்திவிட்டு நாம் தப்பிக்கொள்ளவியலாது. துடைப்பத்தைத் தொட நாணுங்கை நம் கையே அன்றோ?

ஈண்டொரு தடை எழும். "பாட்டியர் காலத்து உலக்கையையும் அம்மியையும் மீண்டும் பெண்கள் தலையிற் கட்டப் பார்க்கின்றீரோ?" எனச் சகோதரியர் சினந்து வினவலாம். முறையான வினாவே. உலக்கை குற்றியதால் பாட்டியர் நலமாய் வாழ்ந்தனரென்பது பாதி உண்மை. மறுபாதி, குற்றிக்குற்றியே தேய்ந்தனர் என்பது. அளவுகடந்த உழைப்பும் ஓய்வின்மையும் உடலைக் கெடுப்பனவே. முதலிற் குறித்த அம்மையார் நான்கு வீடுகளில் குனிந்து பெருக்கி இடுப்புநோவுடன் வீடு திரும்புபவர். அவர்க்கு வேண்டுவது இன்னும் பயிற்சியன்று. ஓய்வும் தக்க கூலியுமே.

நாம் சொல்வது வேறு. 2019இல் இந்திய நடுவணரசு எடுத்த நேரப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுப்பணியில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 மணித்துளி உழைக்கின்றாள்; ஆண் 97 மணித்துளியே. அதுவும், அப்பணியிற் கைவைப்போர் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் 26 பேரே! ஒரே வீட்டில் ஒருத்திக்கு உழைப்பு மிகுந்து உடல் தேய்கின்றது; ஒருவனுக்கு உழைப்புக் குறைந்து உடல் பெருக்கின்றது. இருவர் நோய்க்கும் மருந்து ஒன்றே: பகிர்ந்து செய்தல். ஆடவன் ஏற்கும் ஒவ்வொரு மணித்துளியும் அவனுக்குப் பயிற்சி, அவளுக்கு ஓய்வு. இத்தகைய இருபயன் தரும் பொறியை எந்தக் கடையில் விற்கின்றனர்?

மொழிக்கும் இதனால் ஓர் இழப்புண்டு. முறத்தை மேலுங்கீழுமாய்த் தட்டி உமி போக்குவது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துக் குறுநொய்யையும் கல்லையும் பிரிப்பது கொழித்தல். குற்றல், தீட்டல், திரித்தல், ஆட்டல், மெழுகல், இறைத்தல் என ஒவ்வோர் உழைப்பிற்கும் ஒரு தனிச்சொல் கண்டது தமிழ். இவை புலவர் அமர்ந்து புனைந்த சொற்களல்ல. உழைத்த கைகள் ஈன்ற சொற்கள். உலக்கைப் பாட்டாகிய வள்ளைப்பாட்டை இளங்கோவடிகள் தம் காப்பியத்துள்ளேயே வைத்துப் போற்றினார். இன்று நம் பிள்ளைகட்குப் புடைத்தலும் கொழித்தலும் ஒன்றே. இரண்டுமே தெரியாத வகையில் ஒன்றே! வேலை மறையின் சொல்லும் மறையும். சொற்காவல் அகரமுதலியால் மட்டும் நடவாது.

பொறியே கூடாதென்று பிடிவாதம் பேசுகின்றோமல்லோம். முடங்கிய காலுக்கு வலுவூட்ட மருத்துவர் பணித்தால் அதுவே மருந்து. தெருவில் நடக்கவியலாத முதியவர்க்கும் அது துணையாகலாம். பயிற்சியை விரும்பும் இளைஞர்க்கோ நம்மிடமே சிலம்பம் உண்டு, சடுகுடு உண்டு, ஊர்முனையில் தூக்குவாரின்றிக் கிடக்கும் இளவட்டக்கல்லும் உண்டு. நாம் கடிவது பொறியையன்று. பொறியை வாங்கிவிட்டதாலேயே நலம் வந்துவிட்டதென்னும் மயக்கத்தையும், வேலையைக் கண்டு நாணும் நாணத்தையுமே.

தனித்தமிழியக்கத்தைத் தோற்றிய மறைமலையடிகள், மக்கள் நூறாண்டு உயிர்வாழும் வழிபற்றித் தனிநூலே எழுதினார். மொழித்தூய்மை பேசியவர் உடல்நலத்தையும் ஏன் பேசினார்? தளர்ந்த உடல்கொண்ட மக்களால் எந்த உரிமையையும் மீட்கவியலாதென்று அறிந்தமையால் அன்றோ?

ஆதலின் அன்பர்களே! நாளைக் காலையே தொடங்குக. விசையுந்தின் திறவுகோலை ஆணியில் மாட்டுக, துடைப்பத்தைக் கையிலெடுக்க. வாயிலைப் பெருக்குகையில் அண்டைவீட்டார் நோக்கினால் நிமிர்ந்து நின்று வணக்கம் கூறுக. நம் மொழியைப் பிறசொல் கலவாமல் பேச நாணாத நாம், நம் வீட்டைப் பிறர் கைபடாமல் பெருக்கவும் நாணவேண்டா.