ஊர் மன்றமும் மின் உலையும்



கோடை இரவு. நங்கநல்லூர்த் தெருவொன்றில் மின்சாரம் அற்றுப்போகிறது. விசிறி நிற்கிறது, தொட்டிலில் குழந்தை வீறிடுகிறது, வயது முதிர்ந்தவர் வாசற்படிக்கு வந்து அமர்கிறார். அரைமணி கழிகிறது, ஒரு மணி கழிகிறது. யாரைக் கேட்பது?

நம் வார்டு உறுப்பினரைக் கேட்கலாம். நாம் வாக்களித்து ரிப்பன் மாளிகைக்கு அனுப்பிய இருநூறு பேரில் அவரும் ஒருவர். நம் தெருவிலேயே நடமாடுகிறவர். ஆனால் அவர் தரக்கூடிய விடை ஒன்றுதான்: "தெருவிளக்கு எங்களுடையது ஐயா, அதில் ஓடும் மின்சாரம் எங்களுடையதன்று." அவர்மீது குற்றம் சொல்லிப் பயனில்லை. நகராட்சிகளுக்கு உரிமை வழங்குகிறோம் என்று முழங்கி, 1992-இல் அரசியல் சட்டத்துக்கு 74-ஆவது திருத்தம் கொண்டுவந்தார்களே, அதன் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். பதினெட்டு பொருள்கள் உள்ளன. பதினேழாவதாகத் தெருவிளக்கு வருகிறது. வண்டி நிறுத்துமிடத்தோடும், பேருந்து நிற்குமிடத்தோடும், பொதுக் கழிப்பிடத்தோடும் ஒரே வரியில் வருகிறது. விளக்கை எரியவைக்கும் மின்சாரம் எங்குமே வரவில்லை!

இந்நிலை இயற்கை விதித்ததன்று. 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களை நினைத்துப் பாருங்கள். கொடியேற்று விழாவுக்கு எட்டு நாள் முன்னர், ஆகஸ்டு 7-ஆம் நாள், பம்பாய் நகருக்கு மின்சாரமும் டிராம் வண்டியும் தந்துவந்த கம்பெனியைப் பம்பாய் மாநகராட்சியே தன் உடைமையாக்கிக்கொண்டது. அதே திங்கள் 29-ஆம் நாள் சென்னையிலும் அதுபோன்றதொரு மாற்றம் நிகழ்ந்தது. பேசின் பிரிட்ஜில் உலை மூட்டி நகருக்கு மின்சாரம் விற்றுவந்த மதராஸ் எலெக்டிரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்னும் ஆங்கிலக் கம்பெனி பொதுவுடைமையாயிற்று. ஆயின் இங்கே அதை ஏற்றது மாநகராட்சி அன்று, மாகாண அரசு! இருபத்திரண்டு நாள் இடைவெளியில் இரு நகரங்கள் இரு வழிகளில் பிரிந்தன. பம்பாயில் மின்சாரக் கணக்கைக் கேட்க மன்ற உறுப்பினர்களைக் கொண்ட குழு ஒன்று ஏற்பட்டது. சென்னையிலோ, கணக்கு கோட்டைக்குப் போயிற்று. 1957-இல் வாரியத்துக்குப் போயிற்று. பின் கழகங்களாகப் பிரிந்தது. இன்று கட்டணத்தை ஆணையம் நிர்ணயிக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் குடிமகன் தட்டவேண்டிய கதவு ஒரு காதம் தள்ளிப்போயிற்று.

அண்டை வீட்டைப் பாருங்கள். கேரளத்துத் திருச்சூர் மாநகராட்சி இன்றும் தன் பழைய நகர எல்லைக்குள் தானே மின்சாரம் வழங்குகிறது. அவ்வுரிமை தானாக வந்துவிடவில்லை. 1936-இல் மின் விநியோகத்தைத் தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கக் கொச்சி அரசு முனைந்தபோது, ஊரே திரண்டு கிளர்ச்சி செய்தது. அன்று கொச்சியின் திவான் யார் தெரியுமா? நம் கோவைக்காரர், ஆர். கே. சண்முகம் செட்டியார்! தமிழன் திவானாக இருந்து தர மறுத்ததைக் கேட்டு, மலையாளத்து நகரமக்கள் போராடினர்.

ஆனால் உலையையே கையில் வைத்து ஆண்ட நகரமன்றத்தின் கதை வேண்டுமெனில் கடல் கடக்கவேண்டும். நாகையில் கப்பலேறி நம்மவர் பிழைக்கச் சென்ற பினாங்குத் தீவு; அதன் தலைநகர் ஜார்ஜ் டவுன். 1904 முதல் அந்நகராட்சியே மின்சாரம் ஆக்கி விற்றது. 1951-இல் மலாயாவின் முதல் நகரமன்றத் தேர்தல் அங்கேதான் நடந்தது. 1957 சனவரி முதல் நாள் அது மாநகரமாயிற்று. முதல் மேயராக அமர்ந்தவர் டி. எஸ். இராமநாதன், தமிழர், பள்ளி ஆசிரியர், தொழிற்கட்சிக்காரர். மின்சாரம், குடிநீர், பேருந்து ஆகிய மூன்றும் அவர் தலைமை தாங்கிய மன்றத்தின் ஆட்சியில் இருந்தன. காலையில் சாவடித் தெருவில் விளக்கு அணைந்திருந்தால் மாலையில் மன்றத்தில் கேள்வி எழுப்பலாம். கேட்பவரும் விடை சொல்பவரும் அதே ஊரில் அதே மின்சாரத்தில் சோறு உண்பவர்கள்!

அது எப்படி முடிந்தது? உலை பழுதாகி நிற்கவில்லை. 1965-இல், இந்தோனேசியாவோடு மோதல் நிலவிய காலத்தைக் காரணங்காட்டி, உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினர். 1966-இல் மன்றத்தின் அதிகாரத்தை மாநில அரசு எடுத்துக்கொண்டது. 1976-இல் மின்சாரத் துறை தேசிய மின் வாரியத்துக்கு மாற்றப்பட்டது. வரிசையைக் கவனியுங்கள் தோழர்களே! முதலில் போனது வாக்குச்சீட்டு. உலை போனது அதற்குப் பின்னர்தான். மோதல் ஓய்ந்து அரை நூற்றாண்டு கடந்தும் அந்தத் தேர்தல் திரும்பவில்லை. நாமும் நகைக்க வேண்டா. 2016 முதல் 2022 வரை சென்னை மாநகராட்சிக்கு மன்றமே கிடையாது, அதிகாரிகளே ஆண்டனர்.

"சிறு நகராட்சிகள் ஆளுக்கோர் எஞ்சின் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தால், கிராமத்துக் கிணற்றுக்கு மின்சாரம் வந்திருக்குமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வந்திராது. பைக்காராவும் மேட்டூரும் மாகாணம் தழுவிய முயற்சியால் விளைந்தவை. உழவன் வீட்டு விளக்கை ஏற்றியது வாரியந்தான். அதை உடைத்து ஊருக்கொரு துண்டாகக் கூறுபோடச் சொல்லவில்லை. மாநகராட்சி தானே உலை மூட்ட முற்படும்போது அதன் கண்காணிப்பு எவரிடம் இருக்கவேண்டும் என்பதே என் வினா.

ஆம், உலை மூட்டும் பேச்சு எழுந்துவிட்டது! குப்பையை எரித்து மின்சாரம் ஆக்கும் ஆலையைக் கொடுங்கையூரில் நிறுவும் திட்டத்தை மாநகராட்சி முன்வைத்தது. 2025-இல் வடசென்னை மக்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்று எதிர்த்தனர். கொடுங்கையூர் எங்கே, நங்கநல்லூர் எங்கே என்று எண்ணாதீர். நம் வீட்டுக் குப்பை எத்தனை ஆண்டுகள் பெருங்குடிக்குப் போயிற்று! 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு பற்றியெரிந்து நாள்கணக்கில் புகைந்ததே, அப்போது தென்சென்னை பட்ட பாட்டை மறந்தோமா? இங்கே நான் குறைசொல்லும் புகையைச் சீர்படுத்தி, குழாய் வழியாக அங்கே அனுப்பிவிட்டால் போதும் என்று இருப்பது மனிதப் பண்பாகாது.

குப்பை உலையின் இயல்பு எளிது. நம் நகரத்துக் குப்பையில் பெரும்பகுதி ஈரம்: காய்கறித் தோல், எஞ்சிய சோறு, வாழையிலை. ஈரம் எரியாது, எரிய வைத்தால் வெப்பம் தாழும், வெப்பம் தாழ்ந்தால் டையாக்சின் என்னும் நஞ்சு பிறக்கும். எனவே குப்பை பிரித்து வரவேண்டும், வெப்பம் தாழாதிருக்கவேண்டும், புகைபோக்கியில் வடிகட்டி ஒழுங்காக இயங்கவேண்டும், சாம்பலைப் பத்திரமாகப் புதைக்கவேண்டும். இந்நான்கையும் நாள்தோறும் எவர் பார்ப்பது? ஒப்பந்தக்காரர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வாரா? இத்தனை டன் குப்பை தருவோம் என்று மாநகராட்சி பல்லாண்டுக்குக் கையெழுத்திட்டுவிட்டால், பின்னர் மக்கள் குப்பையைக் குறைத்ததற்காக மாநகராட்சி தண்டம் கட்டும் வேடிக்கையும் நேரலாம்!

"உறுப்பினர்களுக்கு இதெல்லாம் புரியுமா?" என்று ஏளனஞ் செய்வோர் உண்டு. நங்கநல்லூர்க்காரர்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது. 2011-இல் மாநகராட்சியோடு இணையும் முன்னர் நாம் ஆலந்தூர் நகராட்சியினர். அந்தச் சிறிய நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டம் தீட்டியபோது, வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணமாகக் கட்டினோம். தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு விளக்கினார்கள், கேள்வி கேட்டோம், விடை வந்தது, பணம் வந்தது. வெளிநாட்டார் வந்து பார்த்துப்போகும் திட்டமாயிற்று. கேட்க இடமிருந்தால் மக்கள் கற்றுக்கொள்வார்கள்.

நம் பக்கத்திலேயும் ஒரு கூச்சம் இருக்கிறது; அதை மறைத்தல் ஆகாது. 1969-இல் தமிழகம் இராசமன்னார் குழுவை அமைத்தது; 1974-இல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேறியது. "அதிகாரத்தை டெல்லியில் குவிக்காதே" என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கியே தீரவேண்டும்! மின்சாரத்தைப் பொதுப்பட்டியலில் வைத்துக்கொண்டு டெல்லி நம் தலையில் சட்டம் ஏற்றும்போது கொதிக்கிறோம். அதே வாயால் ரிப்பன் மாளிகையிடம், "கோட்டை பார்த்துக்கொள்ளும், நீ விளக்குக் கம்பத்தை எண்ணு" என்கிறோமே, இதற்கு என்ன பெயர்?

நாம் கேட்பது பெரிதன்று. பம்பாய் கண்டதுபோல், உலைக்கென்று மன்ற உறுப்பினர்களின் நிலைக்குழு. அதில் உலை நிற்கும் வார்டின் உறுப்பினருக்குக் கட்டாய இடம். புகைபோக்கியின் அளவீடுகள் திங்கள்தோறும் தமிழில் அச்சாகி மன்றத்தின் முன்னும் வார்டுக் கூட்டத்தின் முன்னும் வரவேண்டும். அளவு மீறினால் உலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் குழுவுக்கு வேண்டும். நிறுத்தியதற்கு நட்டஈடு கேட்கும் விதி ஒப்பந்தத்தில் இருக்கலாகாது.

அடுத்த மாமன்றக் கூட்டத்துக்கு முன் உங்கள் வார்டு உறுப்பினரைக் காணுங்கள். எக்கட்சியினராயினும் காணுங்கள், நம் கட்சியினராயின் முதலில் காணுங்கள். உலைக்கு ஒப்பந்தம் எழுதப்படுமாயின், அதன் முழு வாசகமும் கையெழுத்தாகும் முன்னரே மன்றத்தின் மேசைமீது வைக்கப்படுமா என்று கேளுங்கள். விடையை எழுத்தில் பெற்று வாருங்கள்.