"ஆண்மை ஊசி": போட்டால் தெம்பு வரும், பிள்ளை வராமல் போகலாம்!

வயது 45 தாண்டுகிறது. உடம்பில் தெம்பு இல்லை. எதிலும் பிடிப்பு இல்லை. "உனக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைஞ்சு போச்சு. களிம்பு பூசு, ஊசி போடு. பழைய முறுக்கு திரும்பும்!" அமெரிக்க டெலிவிஷனில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்த விளம்பரத்தின் சாரம் இதுதான். லட்சக்கணக்கானவர்கள் மருந்துக்குக் கிளம்பினார்கள்.

டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆணின் விரையில் ஊறும் ஹார்மோன். மீசை, கட்டைக்குரல், தசைவலு எல்லாம் அதன் கைங்கரியம். பிறவிக் கோளாறாலோ, நோயாலோ விரை கெட்டவர்களுக்கு இது அவசிய மருந்து. அதில் தகராறு இல்லை. வயசானதால் மட்டும் அளவு குறைந்தவர்கள் போடலாமா என்பதுதான் வழக்கு.

குழந்தைகளுக்கு வந்த வினை

2009-ல் முதல் அதிர்ச்சி. தோளில் களிம்பு பூசிய அப்பா, கை கழுவாமல் பிள்ளையைத் தூக்குகிறார். மருந்து பிள்ளையின் தோலில் ஒட்டிக்கொள்கிறது. சின்னஞ்சிறுசுகளுக்கு மறைவிடத்தில் முடி முளைத்தது. எலும்பு வயசுக்கு மீறி முதிர்ந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா, கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிட உத்தரவு போட்டது.

விதை முதலுக்கே மோசம்

பலருக்குத் தெரியாத சங்கதி இது. விரைக்கு "வேலை செய்" என்று உத்தரவு போடுவது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. வெளியிலிருந்து சரக்கு வந்து குவிந்தால், அது உத்தரவை நிறுத்திவிடும். விரை சுருங்கும்; விந்தணு குறையும். இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக உலக சுகாதார நிறுவனம் சோதித்து, 1990-ல் முடிவை வெளியிட்டது. வாரம் 200 மில்லிகிராம் போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு 6 மாதத்தில் விந்தணுவே இல்லை! ஆண்மைக்கென்று போடும் ஊசி, கர்ப்பத்தடை ஊசியாக வேலை செய்கிறது.

மாரடைப்பு வருமா?

வரக்கூடும் என்று 2015-ல் அதே இலாகா எச்சரித்தது. பிறகு 5,200 பேருக்கு மேல் வைத்து நடந்த சோதனையின் முடிவு 2023-ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் எல்லாம் சேர்த்து, மருந்து போட்டவர்களில் 100-க்கு 7.0, வெறும் களிம்பு பூசியவர்களில் 7.3. ஆக, பெரிய வித்தியாசம் இல்லை. 2025-ல் எச்சரிக்கை வாசகம் மாறியது. ரத்தக் கொதிப்பு பற்றிய எச்சரிக்கை எல்லா வகை மருந்துக்கும் வந்தது.

அதற்காக நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அதே சோதனையில் இதயத் துடிப்புத் தாறுமாறு, நுரையீரலில் ரத்தக்கட்டி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை மருந்து போட்டவர்களுக்கே அதிகம். எலும்பு இறுகும் என்று எதிர்பார்த்தார்கள். எலும்பு முறிவும் கூடுதல்!

ரத்தம் தடிப்பது இன்னொரு தொல்லை. சிவப்பணுக்கள் ரத்தத்தில் 54 சதவீதத்தைத் தாண்டினால் டாக்டர்கள் மருந்தை நிறுத்திவிடுவார்கள். முகப்பரு, மார்பு வீக்கம், தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று சில்லறை உபத்திரவங்களும் உண்டு. புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்குப் பொதுவாக இதைக் கொடுப்பதில்லை.

ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை நம்பி ஊசி போடுவதும் தப்பு. காலை வெறும் வயிற்றில், 2 வெவ்வேறு நாட்களில் பார்க்க வேண்டும் என்பது டாக்டர்களின் விதி.

பிடிக்கவில்லையென்றால் நிறுத்திவிடலாமே என்று கேட்கலாம். நிறுத்தலாம். ஆனால் தூங்கிப்போன விரை விழித்தெழப் பல மாதம் ஆகும்; சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் இழுக்கும். அதுவரை பழைய சோர்வு திரும்பலாம்; முன்னைவிட மோசமாகவும் இருக்கலாம்.