குழாய் உடைந்தால் குற்றவாளி யார்?

2022 ஜூலை 3ஆம் நாள் காரைக்காலில் பொதுச் சுகாதார நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. வாந்தி, பேதி என்று நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்கு ஓடினர். சிலருக்குக் காலரா என்று ஆய்வுக்கூடம் உறுதி செய்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் மூன்று நாள் மூடப்பட்டன. எல்லைக்கு இப்பால் நாகையும் மயிலாடுதுறையும் திருவாரூரும் தஞ்சையும் விழிப்புடன் இருக்க வேண்டுமென்று உத்தரவு பறந்தது.

காலராவா, அது பாட்டன் காலத்து நோயல்லவா என்று பலர் திடுக்கிட்டனர். பாட்டன் போய்விட்டான், நோய் போகவில்லை. 1961இல் இந்தோனேசியாவில் கிளம்பிய ஏழாவது காலராப் பெருந்தொற்று இன்னும் ஓயவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 1992இல் அக்கிருமியின் புதிய வகையொன்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் நம் சென்னையில்தான்.

நோய் வந்தவுடன் அதிகாரிகள் என்ன சொன்னார்கள்? "கொதிக்க வைத்துக் குடியுங்கள், கையைக் கழுவுங்கள்" என்றார்கள். நல்ல யோசனை, கட்டாயம் கேட்போம். ஆனால் விடியலில் நடவுக்குப் போய் இடுப்பொடிந்து திரும்பும் தாய், குடம் குடமாகக் கொதிக்க வைக்க எரிபொருளுக்கு எங்கே போவாள்? அவள் கூலியில் அதற்கும் பங்குண்டா?

காரைக்காலில் ஐயம் எங்கே போய் நின்றது? கசிந்த குடிநீர்க் குழாயில், அதில் கலந்த கழிவுநீரில்! கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. வேதாரண்யத்துக்குக் கூடக் கொள்ளிடத்துத் தண்ணீர் குழாய்வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. வழியில் எத்தனை இணைப்புகள்! தண்ணீர் ஓடும்போது ஓட்டை வழியே வெளியே கசியும். தண்ணீர் நின்றதும் அதே ஓட்டை சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாளுக்கு ஒருமணி நேரம் தண்ணீர் விடும் ஊரில் இந்த ஆபத்து அன்றாடம் இருக்கிறது. இதில் குடித்தவன் குற்றவாளியா, குழாயைப் பழுது பார்க்காதவன் குற்றவாளியா?

இரண்டு சட்டங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளை அரசு 1897இல் ஒரு கொள்ளைநோய்ச் சட்டம் செய்தது. தடு, அடை, தண்டி என்பதே அதன் சாரம். 2020இல் கொரோனாவுக்கும் அதையே தூசு தட்டி எடுத்தார்கள். நான்கு மணி நேர அவகாசத்தில் நாட்டையே பூட்டினார்கள். கூலி ஆட்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஆனால் சென்னை மாகாணம் 1939இல் செய்த பொதுச் சுகாதாரச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். குடிநீர் முதலில் வருகிறது, பிறகு சாக்கடை, பிறகு கழிப்பிடம், நோய்த்தடுப்பு அதற்கும் பின்னால்தான் வருகிறது. சட்டம் எழுதியவர்களுக்கு வரிசை தெரிந்திருந்தது. அந்த வரிசையை மறந்தவர்கள் ஆட்சி நாற்காலியில் இருப்பவர்கள்தான்!

அந்நாளில் பண்ணையாள் ஊர்க் கிணற்றைத் தொடக்கூடாது என்றார்கள். சேரியின் குட்டை நீரே குடிநீராயிற்று. காலரா வந்தால் முதல் பிணம் சேரியில்தான் விழுந்தது. இன்று எல்லாருக்கும் குழாய் உண்டு. ஆனால் குழாயின் கடைசி நுனி எந்தத் தெருவில் முடிகிறது? தேடிப் பாருங்கள், தோழர்களே!

மக்களை நம்பினால் மருத்துவமும் வெல்லும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் ஊசிமருந்து நீர் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. காவலைப் போடாமல் நம்பிக்கை வைத்ததால் வந்த வெற்றி அது.

நாம் செய்ய வேண்டியது என்ன? கிளைதோறும் தெருக்குழாயைப் பின்தொடர்ந்து நடப்போம். சாக்கடைக்குள் கிடக்கும் குழாயைக் குறித்துக்கொள்வோம். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சுகிறதா என்று சோதிக்கச் சொல்வோம். மார்ச் 22, மே 1 கிராமசபைகளில் எழுந்து நின்று கணக்குக் கேட்போம். தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் நியாயமான கூலி கேட்போம். நோய்க்கு எதிரான முதல் படை அவர்கள்தான்.

வயலுக்குத் தண்ணீர் கேட்டுப் போராடத் தெரிந்த மண் இது. குடிக்கும் தண்ணீருக்கும் அதே குரல் எழட்டும்!