35 மணித்தியால வேலை வாரம்: மிஞ்சும் நேரம் யாருக்கு?

வேலையற்றோருக்கும் வேலையைப் பகிர்ந்தளிக்கும் நோக்குடன், 39 மணித்தியாலமாக இருந்த வேலை வாரத்தை 35 ஆகக் குறைத்தது பிரான்ஸ். மார்ட்டின் ஓப்ரி தொழில் அமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்ட இச்சட்டம், 2000ஆம் ஆண்டில் இருபதுக்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களிலும், 2002இல் சிறிய நிறுவனங்களிலும் நடைமுறைக்கு வந்தது.

பலருக்கு ஓய்வும், பிள்ளைகளுடன் இருக்க நேரமும் கிடைத்தன. ஆயினும் வேலையின் அளவு குறையாத இடங்களில், அதே வேலையைக் குறைந்த நேரத்தில் முடிக்கும் நெருக்கடி கூடியது. 35 என்பது உச்ச வரம்பும் அன்று. மேலதிக நேரக் கொடுப்பனவு தொடங்கும் எல்லை மட்டுமே.

உணவகங்களிலும் துப்புரவுப் பணியிலும் உழைக்கும் தமிழர் கவனிக்க வேண்டியது இதனையே. சம்பளச் சிட்டையில் 35 என்று எழுதி 50 மணித்தியாலம் வேலை வாங்கப்படுமாயின், இழப்பது அன்றைய கூலி மட்டுமன்று. பின்னாளில் ஓய்வூதியமும் வேலையிழப்புக் கால உதவித்தொகையும் குறைகின்றன. மிஞ்சிய நேரத்தை இரண்டாவது வேலை விழுங்கினாலோ, வீட்டில் தமிழ் பேசிப் பழக வேண்டிய பிள்ளை உறங்கும் பெற்றோரையே காண்கிறது.

பிரெஞ்சு கற்ற இளையோர் பெற்றோருக்குச் சம்பளச் சிட்டையை வாசித்து விளக்குதல் வேண்டும். வேலை செய்த நேரத்தை நாள்தோறும் குறித்து வைப்பதும் அவசியம். வழங்கப்படாத சம்பளத்தை மூன்று ஆண்டுகளுக்குள் தொழில் நீதிமன்றத்தில் கோர முடியும். அக்குறிப்பே அங்கு கைகொடுக்கும்.