வந்தவர்களை எண்ணினால் மட்டும் போதுமா?

மாதம் பிறந்ததும் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை ஓர் எண்ணை வெளியிடும். கடந்த மாதம் நாட்டுக்குள் வந்த வெளிநாட்டவர் இத்தனை பேர் என்பது அது. எண் ஏறியிருந்தால் அமைச்சர் ஊடகங்கள் முன் தோன்றுவார். இறங்கியிருந்தால் அதிகாரி ஒருவர் காரணம் சொல்வார். ஆட்சிகள் மாறுகின்றன, அமைச்சர்கள் மாறுகின்றனர். இந்த எண்ணின் மீதுள்ள மோகம் மட்டும் மாறுவதில்லை.

அதே எண்ணை வைத்தே பேசுவோம். 2018 இல் இலங்கைக்கு வந்தவர்கள் 2,333,796 பேர். அந்த ஆண்டின் சுற்றுலா வருமானம் ஏறத்தாழ 438 கோடி அமெரிக்க டொலர். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், கொரோனா, பொருளாதார வீழ்ச்சி எல்லாவற்றையும் தாண்டி 2024 இல் 2,053,465 பேர் வந்தார்கள். வருமானமோ ஏறத்தாழ 317 கோடி டொலர். ஆட்கள் 12 வீதம் குறைந்தார்கள், காசு 28 வீதம் குறைந்தது. ஒருவர் சராசரியாக விட்டுச்சென்ற தொகை 1,880 டொலர் அளவிலிருந்து 1,540 டொலர் அளவுக்கு இறங்கிவிட்டது. கூட்டத்தைக் கூட்டுவதில் காட்டிய அக்கறையில் பாதியை, வந்தவர் எங்கே செலவழிக்கிறார், அந்தச் செலவு யார் கையில் சேர்கிறது என்பதில் அரசு காட்டியிருந்தால் இந்த இடைவெளி இவ்வளவு அகன்றிருக்காது.

சுற்றுலா வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இல்லை. ஆனால் அதற்காக அரசு செய்ய வேண்டிய முதல் வேலை விளம்பரப்படம் எடுப்பதன்று. நிலையான விசா விதி, கரையோர மக்களின் உரிமையைக் காக்கும் சட்டம், வருமானத்தில் உள்ளூருக்குச் சட்டப்படியான பங்கு ஆகிய மூன்றும் இல்லாமல் எத்தனை இலட்சம் பேர் வந்தாலும், நாடு தன் கடற்கரையைக் குத்தகைக்கு விட்ட கணக்காகத்தான் அது முடியும்.

இந்தத் துறை அரசின் கையால் கட்டப்பட்டது. 1966 இல் டட்லி சேனநாயக்க அரசாங்கம் இலங்கைச் சுற்றுலாச் சபையைச் சட்டத்தின் மூலம் அமைத்தது. பொறுப்பான அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன. அந்த ஆண்டு வந்தவர்கள் 18,969 பேர்தான். அமெரிக்க ஆலோசகர்களைக் கொண்டு பத்தாண்டுத் திட்டம் ஒன்று தீட்டப்பட்டது. கொழும்பு, தென்கரை, கிழக்குக் கரை, மலையகம், பழைய தலைநகரங்கள் என நாடு சுற்றுலா வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. அரசு நிலத்தைத் தேடி எடுத்து, வீதியும் நீரும் கொடுத்து, தனியாரைக் கட்டச் சொன்னது. ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்ட கடற்கரை ஹோட்டல் அந்தக் காலத்துப் பிள்ளை. 1982 இல் எண்ணிக்கை 407,230 ஆனது. அடுத்த ஆண்டு ஜூலையில் நடந்த தமிழர் விரோதக் கலவரத்தையும் அதைத் தொடர்ந்த யுத்தத்தையும் எல்லோரும் அறிவர். யுத்தம் முடிந்த 2009 இல் வந்தவர்கள் 447,890 பேர். இருபத்தேழு ஆண்டுகளில் கூடியது நாற்பதாயிரம் பேர்.

ஆக, திட்டமிடல் இந்த அரசுக்குத் தெரியாத வித்தையன்று. யாருக்காகத் திட்டமிடுவது என்பதில்தான் கோளாறு. அதைப் பார்க்க விரும்புவோர் பாசிக்குடாவுக்குப் போகலாம்.

மட்டக்களப்புக்கு வடக்கே, கல்குடாவை அடுத்துள்ள அந்த வளைகுடாவில் கடலுக்குள் வெகுதூரம் நடந்தே போகலாம். தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. எழுபதுகளிலேயே அங்கே விடுதிகள் எழுந்தன. யுத்தமும் பின்னர் ஆழிப்பேரலையும் அவற்றை அழித்தன. 2009 க்குப் பிறகு கொழும்பு அந்தக் கரையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பெரிய ஹோட்டல் நிறுவனங்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தது. சில ஆண்டுகளிலேயே ஒரு டசின் சொகுசு விடுதிகள் வரிசையாக எழுந்தன. சுற்றுலா விழாக்களில் காட்டுவதற்கு நல்ல படம்தான். ஆனால் கரையில் வாடி போட்டு, படகை இழுத்துவைத்து, வலை காயவைத்த கடற்றொழிலாளர் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டனர். கடலுக்குப் போகும் பழைய வழிகள் வேலிக்குள் போயின. விடுதிகளில் நல்ல சம்பளமுள்ள வேலைகள் பெரும்பாலும் வெளிமாவட்டத்தவருக்குச் சென்றன என்ற குறை இன்றும் ஓயவில்லை. 2016 இல் வெளிவந்த ஆய்வறிக்கை ஒன்று பாசிக்குடாவை ஆராய்ந்து தனக்குச் சூட்டிக்கொண்ட தலைப்பே 'விருந்தோம்பலும் ஒதுக்கலும்' என்பதுதான். யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்த ஒரு மாவட்டத்துக்கு, சமாதானத்தின் பயனாக வந்த முதல் பெரிய முதலீடு இப்படியாயிற்று. கேள்வி கேட்டவர்களுக்கு 'அபிவிருத்திக்கு எதிரானவர்கள்' என்ற பட்டமும் கிடைத்தது.

கற்பிட்டியில் பதினான்கு தீவுகளைச் சேர்த்து ஒருங்கிணைந்த சுற்றுலா வலயம் அமைக்கும் திட்டமும் இதே குணம் கொண்டது. வரைபடத்தில் வெறுமையாகத் தெரிந்த தீவுகளில் பருவந்தோறும் வாடியமைத்துத் தொழில் செய்யும் குடும்பங்கள் இருந்தன. அவர்களிடம் கேட்டுத் திட்டம் தீட்டப்படவில்லை.

நிலத்தில் இப்படி என்றால் வாசலில் வேறு கூத்து. 2012 முதல் இலங்கையின் இணையவழி விசா முறை பெரிய குறையில்லாமல் இயங்கிவந்தது. 2024 ஏப்ரலில் திடீரென அது வெளிநாட்டுக் கூட்டு நிறுவனம் ஒன்றின் கைக்கு மாற்றப்பட்டது. முப்பது நாள் விசாவுக்கு 50 டொலர் கட்டிய பயணி, சேவைக் கட்டணங்களுடன் 100 டொலருக்கு மேல் கட்ட வேண்டி வந்தது. மே மாதத் தொடக்கத்தில் கட்டுநாயக்கவில் ஒருவர் கொதித்தெழுந்த காணொளி நாடெங்கும் பரவ, அமைச்சரவை சில நாட்களுக்குள் கட்டணத்தைப் பழைய 50 டொலருக்கே இறக்கியது. விவகாரம் உயர் நீதிமன்றம் சென்றது. பழைய முறைக்குத் திரும்புமாறு ஓகஸ்ட் 2 ஆம் திகதி இடைக்கால உத்தரவு வந்தது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அதை நிறைவேற்றவில்லை. செப்டெம்பர் இறுதியில் திணைக்களத்தின் தலைவரே நீதிமன்ற அவமதிப்புக்காக விளக்கமறியலில் வைக்கப்பட்டார்! அதன் பிறகுதான் பழைய முறை உயிர்பெற்றது. இடையில் 35 நாடுகளுக்கு விசாக் கட்டணமே இல்லை என்றொரு அறிவிப்பும் வெளிவந்தது. ஒக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வரும் என்றார்கள். வரவில்லை.

ஜேர்மனியிலோ சென்னையிலோ இருந்து குடும்பத்தோடு புறப்பட நினைப்பவர் ஆறு மாதம் முன்னதாகவே கணக்குப் போடுகிறார். ஐந்து மாதத்துக்குள் விசா விதி மூன்று தடவை மாறும் நாட்டுக்கு அவர் ஏன் வரவேண்டும்? பக்கத்தில் தாய்லாந்து இருக்கிறது, மாலைதீவு இருக்கிறது.

விசா நெகிழ்ச்சியின் மறுமுனையும் உண்டு. 2022 இல் உக்ரைன் யுத்தம் தொடங்கியபின் ரஷ்ய, உக்ரைன் பயணிகளுக்கு விசா மீண்டும் மீண்டும் நீடிக்கப்பட்டது. மனிதாபிமானம் என்ற வகையில் அது சரியே. ஆனால் பலர் தென்கரையில் உணவகமும் விடுதியும் வாகன வாடகையும் நடத்தத் தொடங்க, உள்ளூர் வியாபாரிகளின் முறைப்பாடுகள் குவிந்தன. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டுமான விருந்து ஒன்று அறிவிக்கப்பட்டதும்தான் கொழும்பு விழித்துக்கொண்டது. அந்த நீடிப்புகளை முடிவுக்குக் கொண்டுவந்தது. இங்கும் வந்தவரின் எண்ணிக்கையைப் பார்த்தவர்கள், வந்தவர் என்ன செய்கிறார் என்று பார்க்கவில்லை.

விளம்பர வாசகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'ஸ்மோல் மிரக்கிள்' போய் 'வொண்டர் ஒஃப் ஏசியா' வந்தது. 2018 நவம்பரில் இலண்டன் பயணச் சந்தையில் 'சோ ஸ்ரீலங்கா' வெளியிடப்பட்டது. 2023 இல் இன்னொன்று. அரசாங்கத்தோடு வாசகமும் மாறும் என்பது எழுதாத விதி. யாலவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி நூறு ஜீப்புகள் முண்டியடிக்கும் காட்சியைப் படம்பிடித்து ஒரு பயணி இணையத்தில் போட்டுவிட்டால் எந்த வாசகமும் அதைத் துடைக்காது.

இந்தப் பேச்சுக்கெல்லாம் அரச தரப்பில் தயாராக ஒரு பதில் உண்டு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த நாடு இது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலர் தேவை. முதலில் ஆட்கள் வரட்டும், பங்கீட்டைப் பிறகு பார்ப்போம். அந்த நெருக்கடியை வரிசையில் நின்று அனுபவித்த மக்கள் இதை அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் இந்த வாதம் தன் காலிலேயே விழுகிறது. டொலர்தான் குறி என்றால், ஆள் எண்ணிக்கையைவிட வருமானம் வேகமாகச் சரிந்ததற்கு அல்லவா முதலில் பதில் வேண்டும்? 2023 ஒக்டோபரில் கொழும்பின் ஐந்து நட்சத்திர ஹோட்டல் அறைக்குக் குறைந்தது 100 டொலர் என்று வர்த்தமானியில் விலை நிர்ணயித்தார்கள். நல்ல அறைக்குச் சந்தை தரும் விலையை வர்த்தமானியால் தர முடியாது. பயணி கூடுதலாக இரண்டு நாள் தங்கினால், பார்க்க இன்னும் நான்கு ஊர் இருந்தால், வழிகாட்டிக்கு மொழி தெரிந்தால், இரவில் ஒரு பெண் தனியாக நடந்து போக முடிந்தால் செலவு தானாகக் கூடும். அதெல்லாம் உள்ளூரில் நடக்க வேண்டிய வேலை.

மாலைதீவின் அனுபவம் இங்கே பயன்படும். பல தசாப்தங்களாக அங்கே ஆளில்லாத் தீவுகளில் மட்டும் சொகுசு விடுதிகள் அமைய அனுமதி இருந்தது. மக்கள் வாழும் தீவுகளுக்கு அந்தப் பணம் எட்டவில்லை. 2009 அளவில் அந்த நாட்டு அரசு விதியை மாற்றி, குடியிருப்புத் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்களை அனுமதித்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் சாதாரணக் குடும்பங்கள் அறை வாடகைக்கு விட்டன, படகு ஓட்டின, உணவகம் திறந்தன. குப்பையும் நெரிசலும் அங்கும் வந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் பசுமை வரி என ஒரு தொகையை அந்த அரசு அறவிடுகிறது. ஒரு விதி மாற்றம், ஒரு வரி. கோடிக்கணக்கில் விளம்பரம் தேவைப்படவில்லை.

வடக்குக்கு வருவோம். பலாலியிலிருந்து 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் சேவை தொடங்க வழி திறந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கி, இன்று சென்னைக்கும் திருச்சிக்கும் விமானங்கள் போகின்றன. நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் படகுச் சேவை 2023 ஒக்டோபரில் ஆரவாரமாகத் தொடங்கி, ஒரு சில நாட்களில் பருவமழையைக் காட்டி நிறுத்தப்பட்டு, மறு ஆண்டு ஓகஸ்டில் வேறு கப்பலுடன் திரும்பியது. இவை நல்ல தொடக்கங்கள். வந்திறங்குபவர் எங்கே போவார்? நெடுந்தீவுக்குப் போக குறிகட்டுவானில் படகுக்காகக் காத்திருப்பார். அந்தப் படகு அத்தீவு மக்களுக்கே போதாது. காங்கேசன்துறைக் கடற்கரையிலோ இராணுவம் நடத்தும் தல்செவன விடுதி நிற்கிறது. 1990 இல் அந்தப் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களில் ஒரு பகுதியினர் இன்னும் தம் காணிக்காக மனுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இராணுவம் அறை வாடகைக்கு விடும் ஊரில் உள்ளூர் முதலீட்டாளர் எப்படிப் போட்டிபோடுவார்? படையினரை விருந்தோம்பல் தொழிலிலிருந்து விலக்குவது இந்த அரசு இன்றே எடுக்கக்கூடிய முடிவு.

அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தில் சுற்றுலா மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான விடயம். வடமாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தல் நடக்கவில்லை. பேசவேண்டிய தரப்பு இல்லாத மேசையில் கொழும்பு தனியாக உட்கார்ந்து திட்டம் போடுகிறது.

பணத்தின் வழியைத் திருத்துவதும் அவ்வளவு கடினமன்று. 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம் ஊக்குவிப்புக்கு ஒன்று, அபிவிருத்திக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று, மாநாடுகளுக்கு ஒன்று என நான்கு நிறுவனங்களை உருவாக்கியது. பதிவுபெற்ற சுற்றுலா நிறுவனங்களின் மொத்த விற்பனையில் 1 வீத வரியும், விமான நிலையப் புறப்பாட்டு வரியில் மூன்றிலொரு பங்கும் சுற்றுலா அபிவிருத்தி நிதியத்துக்குப் போகின்றன. ஆனால் எல்லவிலும் அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் குப்பை அள்ளுவது பிரதேச சபை. தெருவிளக்கும் கழிவறையும் அதன் பொறுப்பே. உரிமக் கட்டணம் அறவிட அந்தச் சபைகளுக்கு அதிகாரம் உண்டென்றாலும், பதிவே செய்யாத விடுதிகள் நிறைந்த ஊர்களில் அந்தக் கட்டணம் எவ்வளவு தேறும்? கொழும்பு நிதியத்தில் சேரும் வரியில் குறைந்தது மூன்றிலொரு பங்கு, அது எந்தப் பிரதேச சபை எல்லைக்குள் அறவிடப்பட்டதோ அந்தச் சபைக்கே திரும்ப வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். பதிவு கூடினால் தன் பங்கும் கூடும் என்று தெரிந்தால் விடுதிகளைப் பதிவுசெய்யச் சபைகளே வீடு வீடாகப் போகும்.

அத்தோடு, விசாக் கட்டணத்தில் எந்த மாற்றமும் ஓராண்டு முன்னறிவித்தலின்றி நடைமுறைக்கு வரக்கூடாது. கரையோரக் குத்தகை ஒவ்வொன்றிலும் கடற்றொழிலாளர் படகு நிறுத்தும் இடமும் பொதுமக்கள் கடலுக்குப் போகும் வழியும் எல்லையிட்டுக் குறிக்கப்பட வேண்டும். மாதந்தோறும் வெளிவரும் அந்த அறிக்கையில், வந்தவர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், மாவட்டந்தோறும் தங்கிய இரவுகளும் பெற்ற வருமானமும் தவறாமல் அச்சாக வேண்டும்.

இவற்றில் எதற்கும் அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை; பாராளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். 2024 நவம்பரில் மக்கள் இந்த அரசாங்கத்துக்குக் கொடுத்தது 159 ஆசனங்கள்.