எதிர்காலத்தில் நமக்கு ஒரு வீடு

முன்னோர் எழுப்பிய கோயில்களைப் பற்றியும் கோட்டைகளைப் பற்றியும் நம் மலர்களில் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். நான் எழுத முற்படுவது இன்னும் எவரும் கட்டாத கட்டடங்களைப் பற்றியாகும். அறிவியல் புனைகதைத் திரைப்படங்களில் கலை இயக்குநர்கள் எழுப்பிக் காட்டும் எதிர்கால நகரங்களையே குறிப்பிடுகிறேன். ‘சங்க மலரில் சினிமா அரங்கத்தைப் பற்றி எழுதுவதா?’ என்று அன்பர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் பொருட்டு என் வீட்டில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாற்றல் காரணமாகச் செய்யாற்றை விட்டுச் சித்தூரில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கிடையே வளர்பவள் என் மகள். ஏழாம் வகுப்பு மாணவி. சென்ற ஆண்டு அவள் பள்ளியில் ‘நூறு ஆண்டுகளுக்குப் பின் நம் ஊர்’ என்னும் தலைப்பில் ஓவியப் போட்டி நடந்தது. அவள் வரைந்ததில் வானளாவிய கண்ணாடிக் கட்டடங்கள் இருந்தன. அவற்றினிடையே பறக்கும் ஊர்திகள் இருந்தன. எங்கும் நீல ஒளி. பெயர்ப் பலகைகள் யாவும் ஆங்கிலம். ஓவியம் நன்றாகவே இருந்தது. முதற்பரிசும் கிடைத்தது.

“இதில் நம் ஊர் எது அம்மா? மலை எங்கே, ஏரி எங்கே, கோயில் எங்கே?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் பழசு அப்பா. அப்போ அதெல்லாம் இருக்காது” என்றாள்.

“நம்ம வீடு?”

சிறிது நேரம் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, “அதை நான் போடலை” என்றாள்.

அச்சிறுமியை நான் குறை கூறவில்லை. அவள் கண்டதை வரைந்தாள். அந்நகரத்தை அவளுக்குக் காட்டியவர்கள் மீதுதான் என் வழக்கு. நம் திரைப்படக்காரர்கள் நம் கட்டடக் கலையை இறந்த காலத்துக்கு மட்டும் எழுதிவைத்துவிட்டு, எதிர்காலத்தை அயலாரிடம் இரவல் வாங்கி வந்துவிட்டனர். கதையில் அரசன் வந்தால் கோபுரமும் மண்டபமும் எழுகின்றன. விஞ்ஞானி வந்தால் கண்ணாடியும் எஃகும் எழுகின்றன. இந்தப் பாகப்பிரிவினையை நான் மறுக்கிறேன்.

இரவல் நகரம்

இரவல் கொடுத்தவர் யார் என்பதை முதலில் காண்போம். 1927-இல் செருமனியில் வெளிவந்த ‘மெட்ரோபாலிஸ்’ என்னும் படமே திரையில் எதிர்கால நகரத்துக்குத் தாய் எனலாம். அதன் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் கட்டடக் கலைஞர் ஒருவரின் மகன். 1924-இல் அவர் நியூயார்க் நகரின் வானளாவிகளைக் கண்டு வியந்தார். அந்த வியப்பே படமாயிற்று. செல்வர் மேலே மாடங்களில் வாழ்வர். தொழிலாளர் கீழே நிலத்தடியில் உழல்வர். லாங் தம் கண்ணால் கண்ட நகரத்தையும், தம் நாட்டில் கண்ட வர்க்க வேற்றுமையையும் இணைத்து அதைப் படைத்தார். அது அவருடைய சொந்தச் சொத்து.

இனி நம் பக்கம் திரும்புவோம். 2010 அக்டோபரில் வெளிவந்த ‘எந்திரன்’ சென்னை விஞ்ஞானி ஒருவரின் கதை. அதன் அரங்க வடிவமைப்புக்காகச் சாபு சிரில் தேசிய விருது பெற்றார். அவர் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அப்படத்தின் எதிர்காலம் முழுவதும் உலோகப் பளபளப்பாகவே இருந்தது. அவரே ஐந்தாண்டுகள் கழித்து ‘பாகுபலி’க்காக மகிழ்மதி நகரத்தை எழுப்பியபோது நம் நாட்டுச் சிற்பமும் தூணும் யானையும் அவர் கையில் உயிர் பெற்றன. கை ஒன்றுதான், காலம் மாறியதும் அது எடுக்கும் பொருள் மாறிவிடுகிறது. ஆகவே இது திறமைக் குறைவு அன்று, மனத்தடை.

அதே ‘எந்திர’னில், ஆப்பிரிக்காவிலுள்ள கிளிமஞ்சாரோ மலையின் பெயரால் தொடங்கும் பாடலைப் படம்பிடிக்கத் தென்னமெரிக்காவில் பெரு நாட்டிலுள்ள மச்சு பிச்சுவுக்குச் சென்றார்கள். இன்கா மக்கள் கல்லால் அமைத்த அந்நகரம் அழகானது, அதில் மறுப்பில்லை. கல்லின் அழகை உணரும் கண் நம்மவர்க்கு உண்டு என்பதும் இதனால் விளங்குகிறது. அக்கண் உள்ளூர்க் கல்லின் மேல் விழவில்லை என்பதே என் குறை.

தெலுங்குப் படங்களும் இதற்கு விலக்கல்ல. சிங்கீதம் சீனிவாசராவ் 1991-இல் இயக்கிய ‘ஆதித்யா 369’ தமிழிலும் மொழிமாற்றம் பெற்று வந்தது. கால இயந்திரத்தில் ஏறியவர்கள் கிருஷ்ணதேவராயர் அவைக்கும் செல்கிறார்கள்; கி.பி. 2504-க்கும் செல்கிறார்கள். எத்துணைத் துணிவான கற்பனை! ஆயினும் அந்த அவையின் சாயல் ஒரு தூணளவேனும் 2504-க்குப் போய்ச் சேரவில்லை.

2024-இல் வந்த ‘கல்கி 2898’ ஓரடி முன்னே வைத்தது. உலகின் கடைசி நகரம் காசி என்று அப்படம் கூறியபோது நான் மகிழ்ந்தேன். ஆனால் அக்காசி பாழ்பட்டுக் கிடக்கிறது. அதன் மேலே ஆள்வோர் வாழும் மாளிகை தலைகீழ்ப் பிரமிடாக நிற்கிறது. மேலே ஆள்வோர், கீழே அல்லல்படுவோர் என்னும் இவ்வமைப்பு 97 ஆண்டுகளுக்கு முன் லாங் வரைந்ததே அல்லவா? கொடுங்கோலர் வீடு அயல் வடிவில் இருப்பது கதைக்குப் பொருத்தமே என்று ஒருவர் வாதிடலாம். இருக்கட்டும். வளமான எதிர்காலம் அயல் வடிவிலும், அழிந்த எதிர்காலம் நம் வடிவிலும் இருக்க வேண்டும் என்பது எந்தக் கதையின் கட்டளை?

எதிர்காலத்துக்கு ஊர் உண்டா?

‘கலை உலகப் பொது, எதிர்காலத்துக்கு ஊரும் பேரும் ஏது?’ என்பது எதிர்வாதம். நண்பர் ஒருவர் என்னிடம் இவ்வாறே வாதிட்டார். இது பிழை. நல்ல அறிவியற் படம் ஒவ்வொன்றுக்கும் ஊர் உண்டு.

1982-இல் வந்த ‘பிளேட் ரன்னர்’ படத்தின் ஊர் லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கே 1893-இல் கட்டப்பெற்ற பிராட்பரி கட்டடத்துக்குள்ளேயே எதிர்காலக் காட்சிகளைப் படமாக்கினார்கள். தொண்ணூறு ஆண்டுப் பழமை எதிர்காலத்துக்குத் தடையாக இல்லை. 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் நாயகன் வளரும் வீடு துனிசியாவின் மத்மாத்தா ஊரில் மக்கள் வெயிலுக்கஞ்சி மண்ணைக் குடைந்து அமைத்த உண்மையான வீடு.

எல்லாவற்றினும் மேலான சான்று 2018-இல் வந்த ‘பிளாக் பாந்தர்’. அதன் அரங்க வடிவமைப்பாளர் ஹன்னா பீச்லர், எவர்க்கும் அடிமைப்படாத ஓர் ஆப்பிரிக்க நாடு விஞ்ஞானத்தில் முன்னேறியிருந்தால் எவ்வாறிருக்கும் என்று சிந்தித்தார். வானளாவிகளின் உச்சியில் ஆப்பிரிக்கக் குடிசையின் கூம்புக் கூரை அமர்ந்தது. நைசீரியப் பழங்குறிகளைத் தழுவிய எழுத்துகள் சுவரில் ஏறின. அவர்க்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. அரங்க வடிவமைப்புக்கு அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அவர் ஊரை விட்டு ஓடவில்லை. ஊரை எதிர்காலத்துக்கு அழைத்துச் சென்றார்.

நம்மிடம் இத்தகைய துணிவு என்றும் இருந்ததில்லை என்று எண்ண வேண்டா. 1957-இல் சென்னையில் தெலுங்கிலும் தமிழிலும் உருவான ‘மாயாபஜா’ரை நினைவுகூருங்கள். திறந்தவர்க்கு அவர் மனத்துக்கு உகந்தவரைக் காட்டும் பிரியதர்சினிப் பேழை அதில் வருகிறது. இன்று நாம் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அதன் கற்பனை அன்றே நம் அரண்மனைப் பேழையின் வடிவில் திரைக்கு வந்துவிட்டது. கோகலே, கலாதர் என்னும் அக்கலை இயக்குநர்கள் வியப்பைக் காட்ட அயல்நாட்டுப் பெட்டியைத் தேடவில்லை. அது புராணப் படம் என்பீர்கள். புராணத்துக்கு இருந்த துணிவு விஞ்ஞானத்துக்கு ஏன் இல்லை?

பேருந்துச் சாளரத்தில் கண்டவை

பணியின் பொருட்டு நாள்தோறும் சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே பேருந்தில் போய்வருபவன் நான். இவ்வழியைச் சுற்றியே ஒரு கலை இயக்குநருக்கு வேண்டிய பாடம் அனைத்தும் கிடக்கிறது.

சந்திரகிரியில் விசயநகர வேந்தரின் இராச மகால் நிற்கிறது. கல், செங்கல், சுண்ணச் சாந்து ஆகியவற்றாலேயே மூன்று நிலைகள் எழுப்பியிருக்கிறார்கள், மரம் பயன்படுத்தவில்லை. வளைவுகளே பாரத்தைத் தாங்குகின்றன. தடித்த சுவர் வெயிலை உள்ளே விடுவதில்லை. கோடையில் பாகை நாற்பதைத் தாண்டும் இந்நாட்டில், கண்ணாடிக் கட்டடம் வெயிலை உள்ளே வாங்கி அடைத்துவைத்துக் கொள்ளும். பிறகு அதை வெளியேற்ற இரவு பகலாக இயந்திரம் ஓட வேண்டும். பூமி வெப்பமடையும் எதிர்காலத்தைக் காட்டும் படத்தில் கண்ணாடி நகரத்தை எழுப்புவது எந்த அறிவியல்? முற்றமும் திண்ணையும் தாழ்வாரமும் தெப்பக்குளமும் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. நிழலையும் காற்றையும் நீரையும் கணக்கிட்டு அமைந்தவை அவை.

பாகாலாவுக்கு அருகில் காதங்கியில் வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. வயல்களுக்கும் குன்றுகளுக்கும் நடுவே, 130 மீட்டர் சதுரப் பரப்பில் 1,024 அலைவாங்கிகள் வரிசை வரிசையாக நின்று வானத்துக் காற்றை அளக்கின்றன. ஆயிரங்கால் மண்டபத்தின் கூரையை எடுத்துவிட்டது போன்ற அக்காட்சி நம் மண்ணில் நிற்கும் உண்மையான விஞ்ஞானம். எந்தத் திரைப்படம் இதைக் கண்டது?

மேலும் கிழக்கே சென்றால் ஸ்ரீஹரிகோட்டா. அங்குள்ள இரண்டாம் ஏவுதளத்தில், உயர்ந்த கட்டடத்துக்குள் ஏவுகலத்தை நிலைநிறுத்திப் பூட்டி, பின் நிமிர்ந்த நிலையிலேயே இருப்புப்பாதையில் மெல்ல மெல்ல ஏவுமேடைக்கு நகர்த்திச் செல்கிறார்கள். தேர் நிலையை விட்டுப் புறப்படுவதைக் கண்டவர்க்கு இக்காட்சி புதியதன்று. 2023 சூலை 14-ஆம் நாள் சந்திரயான்-3 அவ்வாறு சென்ற கலத்தில்தான் நிலவுக்குப் புறப்பட்டது. தேருக்கும் ஏவுகலத்துக்கும் உறவு காண ஒரு கலை இயக்குநருக்கு இதைவிட என்ன வேண்டும்?

‘கோபுரம் பழங்காலத்தது’ என்பார்க்குக் காளத்தியைக் காட்டுகிறேன். கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய அவ்வூர் ஏழுநிலைக் கோபுரம் 2010 மே 26-ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. மக்கள் கண்ணீர் விட்டனர், அதோடு நிற்கவில்லை. புதிய கோபுரம் எழுந்து 2017-இல் குடமுழுக்கும் கண்டது. இருபத்தொன்றாம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற ஒன்றைப் பழசு என்று எப்படித் தள்ளுவது?

ஒட்டுவேலை வேண்டா

இதைக் கொண்டு, கண்ணாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒரு கலசத்தை ஒட்டிவிட்டால் போதும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அது வேட்டியின் மேல் கழுத்துப்பட்டை அணிவதற்கு ஒப்பாகும். நான் வேண்டுவது வடிவத்தின் நகலை அன்று, அதன் அறிவை. மேலே செல்லச் செல்லக் குறுகிப் பாரம் குறையும் கோபுரத்தின் கணக்கு, மழைநீரைச் சேர்க்கும் குளத்தின் கணக்கு, வழிப்போக்கனுக்கும் இடம் தரும் திண்ணையின் மனம் ஆகிய இவற்றிலிருந்து ஒரு நகரத்தை வளர்த்துக் காட்டுங்கள் என்கிறேன். அந்நகரத்தின் பலகைகளில் நம் எழுத்தும் இருக்கட்டும்.

‘வெறும் பொழுதுபோக்குக்கு இவ்வளவு பேச்சா?’ என்பார்க்கு ஒரு சொல். திரையில் கண்ட நகரமே நாளை வரைபடத்தில் ஏறுகிறது. 2022-இல் திருப்பதி இரயில் நிலையத்தின் புதிய மாதிரிப் படங்கள் வெளிவந்தபோது, ஊரின் சாயலே அதில் இல்லை என்று பலர் குறை கூறினர்; அதை மாற்றியமைப்பதாகவும் சொல்லப்பட்டது. பொறியாளரும் ஒருகாலத்தில் படம் பார்த்து வளர்ந்த பிள்ளைதானே!

ஊரை விட்டு வந்து வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு இதில் இரட்டைக் கவலை உண்டு. பிறந்த ஊர் நம் பிள்ளைகளுக்கு விடுமுறைக்குச் செல்லும் இடமாகிவிட்டது. வாழும் ஊர் எந்நேரமும் மாற்றல் வந்தால் விட்டுப் போகும் இடம். எதிர்காலத்திலும் அவர்களுக்கு இடமில்லை என்று திரை சொல்லுமானால், அவர்கள் எங்கே குடியிருப்பார்கள்?

ஆதலால் சங்கத்தாரிடம் எளிய வேண்டுகோள் ஒன்று வைக்கிறேன். வரும் பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வையுங்கள். தலைப்பு, என் மகளின் பள்ளி தந்த அதே தலைப்பாகட்டும். முதல் நாள் அவர்களைச் சந்திரகிரிக்கு அழைத்துச் சென்று அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். நண்பகல் வெயிலிலும் உட்புறம் குளிர்ந்திருப்பதை அவர்கள் கை அறியட்டும். அதன்பின் நூறு ஆண்டுகள் கழித்து என்ன வேண்டுமானாலும் வரையட்டும். பறக்கும் ஊர்தியும் இருக்கட்டும். அந்த ஓவியத்தில் தங்கள் வீட்டையும் வரைய வேண்டும் என்று மட்டும் ஒரு விதி வையுங்கள்.