டன்ஜன் மாஸ்டர்களே, தயவுசெய்து கதை எழுதாதீர்கள்

மக்களே, நம்ம வகுப்பில் திடீரென்று நாலைந்து பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஜுரம் அடிக்கிறது. பாதிப் பேர் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்துவிட்டு வந்தவர்கள். மீதிப் பேர் கம்ப்யூட்டரில் 'பல்டூர்ஸ் கேட் 3' விளையாடி, தூக்கத்தையும் இன்டர்னல் மார்க்கையும் தொலைத்தவர்கள். எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "நான்தான்டா டி.எம்., கதையை எப்படி எழுதுறது?"

என் பதில்: எழுதாதே. காரணம் கொஞ்சம் நீளம், உட்கார்ந்து படிக்கவும்.

முதலில், இந்த ஆட்டம் என்னவென்றே தெரியாமல் கூகுள் புண்ணியத்தில் இங்கே வந்து விழுந்தவர்களுக்காக ஒரு பாரா. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம்: வாள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று. எதிரில் என்ன இருக்கிறது என்று டி.எம். சொல்வார். நான் என்ன செய்கிறேன் என்று ஆட்டக்காரர் சொல்வார். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் 20 முகம் கொண்ட பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் ஆட்டம். போர்டு கிடையாது, ஜெயிப்பது தோற்பது கிடையாது. கம்ப்யூட்டர் கேமில் செய்ய முடியாத ஒன்று இதில் முடியும். யாரும் யோசிக்காத ஒன்றை ஆட்டக்காரர் செய்யலாம். கம்ப்யூட்டர் 'அந்தக் கதவு திறக்காது' என்று சொல்லும் இடத்தில், டி.எம். 'சரி, எப்படி உடைக்கிறாய்?' என்று கேட்கலாம்.

இதைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன? சுமாரான கதையைச் சுமாராக ஒருவர் வாசிக்க, நாலு பேர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

நான் ஆட்டக்காரனாக இருந்த ஒரு குழுவில் இதைக் கண்ணால் பார்த்தேன். டி.எம். ஒரு சீனியர் அண்ணன். முப்பது பக்கம் கதை எழுதி, பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு வைத்திருந்தார். அதில் துரோகி மந்திரி முதல் நாளே கோட்டையிலிருந்து தப்பிக்க வேண்டும், பிறகு பத்து வாரம் நாங்கள் துரத்த வேண்டும். எங்கள் குழுவில் இருந்த தோழி ஒருத்தி முக்கால் மணி நேரம் திட்டம் போட்டாள். தூக்குப் பாலத்தைத் தூக்கி, லாயத்துக் குதிரைகளை அவிழ்த்து விரட்டி, சுரங்கப் பாதையின் வாயில் ஆள் நிறுத்தி, கையிலிருந்த ஒரே மந்திரத்தையும் செலவழித்தாள். பகடையும் சாதகமாகவே விழுந்தது. அண்ணன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவர் அப்படியே மாயமா மறைஞ்சுட்டார்மா" என்றார். "அண்ணா, அவருக்கு மந்திரமே தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டாள். "இப்பத்தான் கத்துக்கிட்டார்" என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரம் அவள் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. இன்றுவரை பகடையைத் தொட மாட்டேன் என்கிறாள்.

அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. நல்ல மனுஷன், டீக்கு எப்போதும் அவர்தான் காசு கொடுப்பார். ஆனால் முப்பது பக்கம் எழுதியவருக்கு இரண்டாம் பக்கத்திலேயே மந்திரி பிடிபட்டால் இருபத்தெட்டு பக்கம் குப்பை. தன் உழைப்பைக் காப்பாற்ற அடுத்தவர் தேர்வைக் கொல்லத்தான் அவருக்குத் தோன்றும். அதனால்தான் சொல்கிறேன், எழுதுவதிலேயே கோளாறு ஆரம்பித்துவிடுகிறது.

இதில் வேடிக்கை, இந்த ஆட்டமே ஒரு திட்டம் கவிழ்ந்ததில் பிறந்தது. 1969. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை ஏற்பாடு செய்தார். பிரான்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் நகரம், அதை நோக்கி வரும் படைகள். படை நடத்துகிறவர்கள் போக, மற்ற நண்பர்களுக்கு ஊருக்குள் ஆளுக்கொரு வேஷம் கொடுத்தார். ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் பல்கலைக்கழக வேந்தர், இப்படி. அவர் நினைத்தது ஒழுங்கான போர். நடந்தது வேறு. ஆட்டக்காரர்கள் மூலைக்கு மூலை போய் ரகசியம் பேச ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் துவந்த யுத்தத்துக்குச் சவால் விட்டுக்கொண்டார்கள், அதற்கு விதியே இல்லாததால் வெஸ்லி அந்த இடத்திலேயே ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. போர் நடக்கவே இல்லை. ஆட்டம் சொதப்பிவிட்டது என்று வெஸ்லி நொந்துபோனார். நண்பர்களோ இன்னொரு தடவை எப்போது என்று பிடுங்கி எடுத்தார்கள்! அந்த நண்பர்களில் ஒருவரான டேவ் ஆர்னசன் இதையே 'பிளாக்மூர்' என்ற மாய உலகத்துக்குக் கொண்டுபோனார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். அன்றைக்கு வெஸ்லி "இல்லை, நீங்கள் எல்லோரும் என் போரைத்தான் ஆட வேண்டும்" என்று அடம் பிடித்திருந்தால்? யோசித்துப் பாருங்கள்.

சரி, கதை எழுதக்கூடாது என்றால் வெறுங்கையோடு போய் உட்காருவதா? இல்லவே இல்லை. நிறையத் தயார் செய்யுங்கள், ஆனால் வேறு விதமாக. இதற்கு நல்ல பாடப்புத்தகம் 1979-ல் கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்'. ஒரு பக்கம் எல்லைக் கோட்டை. கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளத்தாக்கு, அதன் இரு சரிவுகளிலும் குகைகள், குகைக்கு ஒரு கூட்டம்: கோபால்ட், கோப்லின், ஆர்க், நோல் என்று. கதை என்று எதுவுமே கிடையாது. கோட்டையில் இருப்பவர்களுக்குப் பெயர்கூட இல்லை, தளபதி, பூசாரி, வியாபாரி என்றுதான் இருக்கும். பெயரை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தக் குகைகளுக்குள் எத்தனை உறவு, எத்தனை பகை! எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கோப்லின்களின் குகைக்குப் பக்கத்திலேயே ஓகர் ஒன்று வாழ்கிறது (ஓகர் என்றால் நம்ம பாட்டி கதையில் வரும் ராட்சசன் மாதிரி, மூளை கம்மி, உடம்பு ஜாஸ்தி). ஆபத்து வந்தால் கோப்லின்கள் ரகசியக் கதவு வழியாக 250 பொற்காசு உள்ள மூட்டையை அதனிடம் எறிவார்கள். உடனே ஓகர் வந்து அவர்களுக்காகச் சண்டை போடும். அதாவது கூலிப்படை. இந்த ஒரு விவரத்தில் எத்தனை ஆட்டம் ஒளிந்திருக்கிறது பாருங்கள். காசுக்கு வருகிறவனை அதிகக் காசு கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாமா? மூட்டையைப் பாதி வழியில் திருடலாமா? ஓகரை முதலிலேயே முடித்துவிட்டு, கோப்லின்கள் காசை எறிந்துவிட்டுக் காத்திருப்பதை வேடிக்கை பார்க்கலாமா? கூட்டங்களை ஒன்றோடொன்று மோதவிடும் வழியையும் அந்தப் புத்தகமே பேசுகிறது. என்ன நடக்க வேண்டும் என்று மட்டும் எங்கேயும் சொல்லவில்லை.

நீங்களும் இதைத்தான் செய்ய வேண்டும். ஒரு தாளில் நாலைந்து ஆட்களை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்றே விஷயம்: என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார், நம் வீரர்கள் வராவிட்டால் இந்த வாரம் என்ன செய்வார். மந்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அரியணை வேண்டும், தன் அண்ணன் மகனைக் கண்டால் பயம், வெள்ளிக்கிழமை ராத்திரி பொக்கிஷத்தோடு கிளம்பத் திட்டம். இது தெரிந்துவிட்டால் ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்பினாலும் பதில் உங்கள் கையில் இருக்கிறது. வியாழக்கிழமையே பிடித்துவிட்டார்களா? பேஷ்! சிறையில் இருக்கும் மந்திரி பேரம் பேசுவார், அவரோடு சேர்ந்து சதி செய்தவர்கள் அவர் வாயை அடைக்க ஆள் அனுப்புவார்கள். ஒரு பக்கமும் குப்பைக்குப் போகாது.

துப்பறியும் மாதிரி ஆட்டம் என்றால் இன்னொன்று முக்கியம். ஜஸ்டின் அலெக்ஸாண்டர் என்பவர் 2008-ல் எழுதிய யோசனை இது. ஆட்டக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும் என்றால், அதற்குக் குறைந்தது மூன்று தடயம் வையுங்கள். ஒன்றைப் பார்க்காமல் போவார்கள், இரண்டாவதைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவதில் மாட்டும். ஒரே ஒரு கடிதத்தை மேஜை டிராயரில் வைத்துவிட்டு, எவனும் டிராயரைத் திறக்கவில்லையே என்று தலையில் கை வைத்து உட்காரும் டி.எம்.-களுக்கு இது அமிர்தம்.

அடுத்து பகடை. கணக்குப் பிடிக்காதவர்களும் இந்தப் பாராவைத் தாண்டிப் போகாதீர்கள், ப்ளீஸ். ஒரு திருடன் கோட்டைக்குள் பதுங்கிப் போகிறான். அவன் கில்லாடி, மாட்டாமல் போக 70 சதவீதம் வாய்ப்பு. டி.எம். வாசலில் ஒரு தடவை உருட்டச் சொல்கிறார், முற்றத்தில் ஒரு தடவை, படிக்கட்டில் ஒரு தடவை, அறைக்கு வெளியே ஒரு தடவை. நாலிலும் ஜெயிக்க வாய்ப்பு என்ன? 0.7-ஐ நாலு தடவை பெருக்கினால் 0.24. கில்லாடித் திருடன் நாலில் மூன்று தடவை மாட்டிக்கொள்வான்! டி.எம்.-க்குத் தான் அநியாயம் செய்வதே தெரியாது. அந்தப் பையன் மட்டும் 'நம்ம ராசி அப்படி' என்று நொந்துகொள்வான். ஒரு காரியத்துக்கு ஒரே உருட்டு. உருட்டும் முன்பே, விழாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுங்கள். தோற்றாலும் ஒன்றும் ஆகாது என்றால் உருட்டவே வேண்டாம், கதவு திறந்தது என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

அட்டைக்குப் பின்னால் உருட்டி, விழுந்ததை மாற்றிச் சொல்லும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஆட்டம் சுவையாக இருக்கத்தான் செய்கிறோம் என்பார்கள். சகுனிகூட அப்படித்தான் நினைத்திருப்பார் :-) எல்லோர் கண் முன்னாலும் உருட்டுங்கள். வில்லன் முதல் அடியில் செத்தால் சாகட்டும், அந்தக் கதையை உங்கள் நண்பர்கள் கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

"இப்படி இஷ்டத்துக்கு விட்டால் ஊரையே கொளுத்திவிடுவான்களே?" என்று ஒரு நண்பன் கேட்டான். கொளுத்தட்டுமே. எரிந்த ஊருக்கு ஒரு ராஜா இருப்பார், அவரிடம் படை இருக்கும், தப்பித்த ஊர்க்காரனுக்கு முகம் ஞாபகம் இருக்கும். வேறு சிலர், எங்களுக்குக் கதையோடு போவதுதான் பிடிக்கும் என்கிறார்கள். அப்படிப்பட்ட மேஜைகளும் உண்டு, 1984-ல் வந்த 'டிராகன்லான்ஸ்' தொடர் அந்த ரகம்தான். அதே வருஷம் முதல் நாவலும் வந்தது. நாவலைப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஆனால் பேசாமலே உட்கார்ந்திருக்கும் கூச்ச சுபாவிகளுக்கு மட்டும் ஒரு கை கொடுக்க வேண்டும். 'என்ன செய்கிறாய்?' என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். 'காவலாளி திரும்பி நிற்கிறான், சாவி அவன் இடுப்பில் தொங்குகிறது, ஜன்னலும் திறந்திருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள், தானாக வாய் திறப்பார்கள்.

குரலை மாற்றிப் பேசத் தெரியவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் அதை விட்டுத் தள்ளுங்கள். தமிழிலேயே பேசுங்கள், அது போதும். ஒரு கோப்லின் "யோவ், யாருய்யா அது?" என்று கேட்டவுடன் மேஜையே உயிர் பெறுவதைப் பார்ப்பீர்கள். சித்திரவதை, குழந்தைகள் சாவது மாதிரி விஷயங்கள் வேண்டாம் என்று யாராவது நினைக்கலாம், முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காசு? பெரிதாகத் தேவையில்லை. ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். சட்டப்படியே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், திருட்டு பிடிஎஃப் தேட வேண்டாம். 20 முகப் பகடை கிடைக்காவிட்டால் போனில் ஒரு ஆப் போதும். முதல் தடவை நாலு ஆட்டக்காரர்களுக்கு மேல் சேர்க்காதீர்கள், மூன்று மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள். எழுந்து போகும் முன் அடுத்த வாரம் எங்கே போகப் போகிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். அந்த இடத்தை மட்டும் தயார் செய்தால் போதும், மற்ற நேரத்தில் அசைன்மென்ட் எழுதலாம்.